காக்கை வன்னியன் வேடத்துக்கு ஆளில்லை



வரலாற்று நாவல்களிலும் நாடகங்களிலும் தலைவர்களுக்கிடையே மூளும் பகை எங்கிருந்து பிறக்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். அதற்குள் நுழையுமுன் எங்கள் கல்லூரியில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைக் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக மாணவர்களுக்குப் பண்டாரவன்னியன் கதையை நாடகமாகப் பழக்கினேன். பண்டாரவன்னியனாக நிற்பதற்கு ஏழெட்டுப் பேர் முன்வந்தார்கள். வெள்ளைக்காரத் தளபதியாக நிற்கவும் ஒருவன் ஆசைப்பட்டான். தொப்பியும் நீண்ட சப்பாத்தும் அவனை இழுத்தன. காக்கை வன்னியன் வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. வகுப்பில் நன்றாக நடிக்கக்கூடிய ஒரு மாணவனைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"சேர், நான் நிக்கமாட்டன். நாடகம் முடிஞ்சாப் பிறகும் பெடியள் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்கள்" என்றான்.

நான் விடவில்லை. சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "அவன் ஏன் சேர் காட்டிக் குடுத்தவன்? அதைச் சொன்னீங்களெண்டா நடிக்கப் பாக்கிறன்" என்றான்.

பல வருடங்களாகத் தமிழ் கற்பிக்கிறேன். பண்டாரவன்னியன் கதையை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1996இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், மாணவனாக ஒரு மரத்தின் கீழிருந்து அந்தக் கதையை நாடகமாகப் பார்த்துமிருக்கிறேன். எனினும் அந்த மாணவனின் கேள்விக்கு என்னிடம் உடனே மறுமொழி இருக்கவில்லை. அந்த மறுமொழியைத் தேடிய முயற்சிதான் இந்த உரை.

வழக்கிலுள்ள கதை நேயர்கள் அறிந்ததே. வன்னியின் கடைசித் தலைவனான பண்டாரவன்னியனின் தங்கையைக் காக்கை வன்னியன் பெண் கேட்கிறான். பெண் மறுக்கப்படுகிறது. மறுப்பு அவமானமாகிறது, அவமானம் பகையாகிறது, பகை ஆங்கிலேயரின் பாசறை வரை கொண்டுபோய் விடுகிறது. கற்சிலைமடுவில் வீரன் வீழ்கிறான். முள்ளியவளை மண் தந்த எழுத்தாளர் முல்லைமணி 1960களில் இந்தக் கதையைப் 'பண்டாரவன்னியன்' என்ற நாடகமாக்கினார். அது வன்னியெங்கும் மேடையேறியது. கடல் கடந்து தமிழகத்தில் கலைஞர் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்ற வரலாற்று நாவலை எழுதினார். பல கைகளில் நடந்த கதை இது. கைகள் மாறினாலும் காக்கை வன்னியன் மாறவில்லை. அவன் என்றும் காட்டிக்கொடுப்பவனாகவே நிற்கிறான்.

இனி வரலாறு சொல்வதைப் பார்ப்போம். 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியது. அங்கிருந்த காவற்படை கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றது. இதற்குப் பதிலடியாக யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலேயப் படைகள் வன்னிக்குள் அனுப்பப்பட்டன. ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் வொன் ட்றிபேர்க் என்ற கப்டனின் படை பண்டாரவன்னியனின் கூட்டத்தை எதிர்பாராத வேளையில் தாக்கியது. அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல், இன்ன நாளில் இன்ன தளபதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லியது. போர் முடிந்த பின்னர், 2010இல், அந்தக் கல் உடைக்கப்பட்டுக் கிடப்பதாகச் செய்தி வந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்தக் கல்லில் இரண்டு பெயர்களே இருந்தன. வென்றவன் பெயர் ஒன்று, தோற்றவன் பெயர் மற்றொன்று. காக்கை வன்னியனின் பெயர் அதில் இல்லை. வென்றவர்கள் பொறித்த கல் அது. தம்முடைய வெற்றிக்கு ஓர் உள்ளூர்த் தலைவனின் தயவும் காரணம் என்று அவர்கள் எழுதிவைக்க மாட்டார்கள் என்று வாதிடலாம். வாதம் நியாயமானதே. ஆனால் அந்தப் பெயரை நாம் வேறோரிடத்திலும் சந்தித்திருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்வோம். நல்லூர் அரசு பறங்கியர் வசமான கதையை அந்நூல் சொல்கிறது. சங்கிலியை நம்பவைத்துப் பறங்கியர் கையில் பிடித்துக்கொடுத்தவனாக அதில் வருபவனும் காக்கை வன்னியனே. நல்லூர் அரசு வீழ்ந்தது 1619இல். முல்லைத்தீவுக் கோட்டை தாக்கப்பட்டது 1803இல். இடையில் 184 ஆண்டுகள். நல்லூரில் காட்டிக்கொடுத்தவனும் கற்சிலைமடுவில் காட்டிக்கொடுத்தவனும் ஒரே பெயரோடு நிற்கிறார்கள். ஒரே பெயரில் இருவர் வாழ்ந்திருக்கக் கூடாதென்பதில்லை. ஆயினும் காட்டிக்கொடுப்பவன் என்ற பாத்திரம் எங்கெல்லாம் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் நம் நினைவு இந்தப் பெயரை எடுத்து மாட்டியிருக்கிறது என்று கருதுவதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதிலே தமிழ் ஆசிரியனுக்கு ஒரு வருத்தமும் உண்டு. காக்கை நம் இலக்கியத்தில் இழிந்த பறவையன்று. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதாலேயே சங்கப் புலவர் நச்செள்ளையார், காக்கைபாடினியார் என்ற சிறப்பைப் பெற்றார். வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்திலே, கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் இயல்புக்குக் காக்கையையே எடுத்துக்காட்டுகிறார். சுற்றத்தை விடாத பறவையின் பெயர், சுற்றத்தை விற்றவனின் பெயராக நம் நாவில் நிலைத்துவிட்டது.

அது போகட்டும். மாணவனின் கேள்விக்கு வருவோம். அவன் ஏன் காட்டிக்கொடுத்தான்? கதை தரும் மறுமொழி, பெண் மறுக்கப்பட்டது என்பது. இது வெறும் காதல் தோல்வி என்று மேடை நாடகங்கள் நமக்குக் காட்டிவிட்டன. தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இதன் வேர் மிக ஆழமானது என்பது தெரியும்.

தொல்காப்பியர் புறத்திணையியலில் மகட்பாற்காஞ்சி என்றொரு துறையைக் கூறுகிறார். பெண் கேட்டு வரும் வேந்தன் ஒரு பக்கம். பெண் கொடுக்க அஞ்சும் முதுகுடி மறுபக்கம். வேந்தனைப் பற்றிப் பேசும்போது அவர் 'நிகர்த்து' வந்தவன் என்ற பொருள்படக் கூறுவதை ஊன்றிப் பார்க்க வேண்டும். படைபலத்தில் வேந்தன் முதுகுடியை விடப் பல மடங்கு பெரியவன். ஆனாலும் பெண் கேட்கும்போது அவன் நிகராக நிற்கவேண்டியிருக்கிறது. அந்த நிகர்மையை முதுகுடி ஏற்க மறுக்கிறது. புறநானூற்றில் 336ஆம் பாட்டிலிருந்து ஏறத்தாழ இருபது பாடல்கள் பெரும்பாலும் இந்தத் துறையிலேயே அமைந்திருக்கின்றன. பரணரும் கபிலரும் இதனைப் பாடியவர்களுள் அடங்குவர். அப்பாடல்களில் பெண்ணின் அழகைவிட அவள் பிறந்த ஊருக்கு வரப்போகும் அழிவே பெரிதாகப் பேசப்படுகிறது.

எனவே பெண் கேட்பது என்பது ஒரு தலைவன் மற்றத் தலைவனைப் பார்த்து, 'என்னை உனக்கு நிகராக ஏற்கிறாயா?' என்று கேட்கும் கேள்வி. மறுப்பது அதற்கு 'இல்லை' என்று சொல்லும் விடை. ஒருவன் தன்னைத் தன் ஆட்சியாலும் படையாலும் அளக்கிறான். மற்றவன் அவனைக் குடியாலும் பிறப்பாலும் அளக்கிறான். இரண்டு அளவுகோல்களும் மோதுகிற இடத்தில் பகை பிறக்கிறது. வேற்றுமை அதிகமானவர்களுக்கிடையே இந்தப் பகை வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரத் தளபதி பண்டாரவன்னியனின் தங்கையைப் பெண் கேட்கவில்லை. கேட்டவனும் வன்னியன், மறுத்தவனும் வன்னியன்.

இந்தப் பகையை நாவலாக எழுதிய பெருமை ஈழத்தவர் ஒருவருக்கு உண்டு. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதலாவது வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை நாயக்கரின் மகளாகிய மோகனாங்கியையும் பற்றிய கதை அது. நாவலின் சுவை காதலில் இருக்கிறது. அதன் முதுகெலும்பு பகையில் இருக்கிறது.

அப்பகையின் வரலாற்றுப் பின்னணி இது. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை நாட்டை ஆண்ட சொக்கநாதர், தஞ்சை விஜயராகவ நாயக்கரிடம் பெண் கேட்டார். இருவரும் விஜயநகரப் பேரரசின் கீழ் வளர்ந்த நாயக்க மரபினர். இருவர் வீட்டிலும் தெலுங்கு வழங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இருவருக்குமிடையே வேறுபாடே தெரியாது. ஆனால் தஞ்சை மரபினர் விஜயநகர அரச குடும்பத்தோடு தமக்கிருந்த மண உறவைப் பெரிதாக எண்ணினர். மதுரை மரபினரைத் தமக்கு நிகராக ஏற்கவில்லை. பெண் மறுக்கப்பட்டது. மதுரைப் படை தஞ்சையை முற்றுகையிட்டது. 1673இல் விஜயராகவர் போரில் மாண்டார். அரண்மனைப் பெண்கள் வெடிமருந்துக்கும் நெருப்புக்கும் இரையாயினர். சொக்கநாதர் தம்முடன் வளர்ந்த அழகிரி என்பவரைத் தஞ்சையில் அமர்த்தினார். அழகிரி விரைவில் தாமும் சொக்கநாதருக்கு நிகரென்று நடக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் மராத்தியரான ஏகோஜி வந்து தஞ்சையைக் கைப்பற்றிக்கொண்டார். குடிப்பெருமை பேசிய இருவரும் தோற்றார்கள். பெண்ணே கேட்காத மூன்றாமவர் வென்றார்.

யாழ்ப்பாணத்துக் கதையிலும் இதே அச்சு இருக்கிறது. வைபவமாலையில் சங்கிலிக்கும் பரநிருபசிங்கனுக்கும் இடையே உள்ள பகை எது? இருவரும் ஒரே தந்தையின் மக்கள், தாய்மார் வேறு. தனக்குரிய முடியைத் தம்பி எடுத்துக்கொண்டான் என்ற மனக்குறை அண்ணனுக்கு. அந்தக் குறையின் மேல் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த அவமதிப்பும் சேர்கிறது. அதன் பின்னரே பறங்கியர் பக்கம் சாயும் படலம் வருகிறது. பட்டத்து வழியா மூத்த வழியா என்ற உரிமைக் கேள்விதான் அங்கேயும் பகையின் கரு. முடிவில் நல்லூர் பறங்கியர் கைக்குப் போனது. அரசை இழந்த சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான்.

தமிழகத்திலே காக்கை வன்னியன் என்ற பெயருக்கு ஈடாக வழங்கும் பெயர் எட்டப்பன். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கற்சிலைமடுச் சம்பவத்துக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது இது. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அருகருகேயுள்ள பாளையங்கள். இரு பாளையக்காரரும் ஏறத்தாழ ஒத்த நிலையினர். எல்லைத் தகராறு நீண்டகாலமாக இருந்தது. நிகரானவர்களின் பகை என்று நான் மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். தப்பியோடிய கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். பழிச்சொல்லோ எட்டப்பன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. உமறுப்புலவரை ஆதரித்த அரண்மனை எட்டயபுரத்தது. பாரதி பிறந்த ஊர் அது. அந்த ஊரின் பெயர் ஒரு திட்டுச்சொல்லுக்குள் சுருங்கிப்போயிற்று. பழி யாருக்கு உரியது என்று அளந்து பார்த்துச் சனங்கள் பெயர் வைப்பதில்லை. கதைக்குள் எந்தப் பெயர் பொருந்துகிறதோ அதுவே நின்றுவிடுகிறது.

இப்போது வன்னிக்குத் திரும்புவோம். வன்னியர் என்றால் யார்? இக்கேள்விக்குப் பேராசிரியர் சி. பத்மநாதன் முதலானோர் விரிவாக விடை தந்திருக்கிறார்கள். வன்னிமை என்பது ஒரு குறுநில ஆட்சி. வடக்கே தமிழ் வன்னிமைகளைப் போல நுவரகலாவியாப் பக்கத்தில் சிங்களம் பேசிய வன்னியர்களும் இருந்தார்கள். நம் பகுதியில் பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்று பற்றுக்கள் பிரிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன்; ஒவ்வொருவனுக்கும் ஒரு குடிப்பெருமை. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் இவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். கொடுக்க மனமிருந்தபோது கொடுத்தார்கள், மனமில்லாதபோது தாமதித்தார்கள் என்பதே பொருந்தும். இந்தக் காட்டை முழுதாக அடக்குவது அவர்களுக்கு நெடுங்காலம் கைகூடவில்லை.

1782இல் ஒல்லாந்தர் பெரும் படையெடுத்து வன்னிமைகளை முறித்தார்கள். அப்போரில் வன்னிச்சி மரியா செம்பாத்தை காட்டிய எதிர்ப்பு மிகக் கடுமையானது என்பதை, வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் நூல் எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் குறிப்பிடுகிறார். அந்தப் பெண்ணின் பெயரைப் பாருங்கள். மரியா என்பது கிறிஸ்தவப் பெயர். வன்னிச்சி என்பது குலத்தலைமையின் பட்டம். ஒல்லாந்தருடைய சமயத்தின் பெயரைத் தாங்கியபடியே ஒல்லாந்தரை எதிர்த்தாள். ஒருவரின் அடையாளம் ஒன்றே ஒன்றுதான் என்று நம்புகிறவர்களுக்கு இந்தப் பெயர் விளங்காது.

அதன்பின் நாகெல் என்ற ஒல்லாந்த அதிகாரியின் கையில் வன்னியின் நிருவாகம் வந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று விதமான அதிகாரம்! தலைமுறை தலைமுறையாகப் பட்டத்தால் தலைவனாக இருந்தவன் ஒருவன். புதிய அரசின் கீழ் உத்தியோகத்தால் தலைவனாகக் கூடியவன் மற்றொருவன். முன்னவனுக்கு மரபு இருந்தது. பின்னவனுக்கு அரசாங்கம் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் எந்த அளவுகோலால் அளந்திருப்பார்கள்? பெண் மறுத்த கதைக்குள் ஒளிந்திருப்பது இந்த மோதலே என்று நான் நினைக்கிறேன். பட்டத்தின் பெருமைக்கும் பதவியின் பெருமைக்கும் இடையே நடந்த சண்டைக்கு, கதை ஒரு தங்கையையும் ஒரு காக்கை வன்னியனையும் கொடுத்தது.

அதே 1803இல் கண்டியில் நடந்ததையும் நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். பண்டாரவன்னியனின் தாக்குதல், கண்டியரோடு ஆங்கிலேயர் நடத்திய போரின் ஒரு பகுதியாகவே நடந்தது. கண்டியின் அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுச்சாமி என்ற பெயருடைய நாயக்கர் மரபினன். 1798இல் அவனை அரியணையில் ஏற்றியவன் பிலிமத்தலாவை என்ற சிங்கள அதிகாரம். ஏற்றியவனே பின்னர் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடன் இரகசியம் பேசினான். ஆங்கிலேயர் முத்துச்சாமி என்ற மற்றொரு நாயக்க உறவினனைக் கண்டியில் முடிசூட்டினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது, முத்துச்சாமியும் கொல்லப்பட்டான். கண்ணுச்சாமி, முத்துச்சாமி என்ற இரு பெயர்களும் ஒரே வீட்டின் திண்ணையில் கேட்கும் பெயர்களாக இல்லையா? உரிமையில் நிகரானவர்கள், ஆதலால் ஒருவரையொருவர் பொறுக்க முடியாதவர்கள். 1815இல் கண்டியும் போனது.

தமிழ்த் தலைவன் ஒருவன் நாயக்க அரசனின் பக்கம் நின்று, சிங்களப் படைகளின் போரோடு தன் போரைச் சேர்த்துக்கொண்டு, ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தான் என்பதே 1803இன் படம். இந்தப் படத்தை அப்படியே நாவலாக்குவது எளிதன்று. இருபதாம் நூற்றாண்டில் எழுத வந்தவர்கள் தங்கள் காலத்தின் அடையாளங்களோடு எழுதினார்கள். வாசகனுக்கும் பார்வையாளனுக்கும் விளங்கக்கூடிய இரண்டு முகங்கள் தேவைப்பட்டன. நல்லவனுக்கு எதிரே கெட்டவன் நிற்கவேண்டும். கெட்டவன் அந்நியனாக மட்டும் இருந்தால் கதையில் வலி இல்லை. அவன் உறவினனாக இருக்கவேண்டும். அப்படி எழுதியதில் தவறு காண நான் வரவில்லை. முல்லைமணியின் நாடகம் மேடையேறாதிருந்தால் என் தலைமுறையிலே பலருக்குப் பண்டாரவன்னியனின் பெயரே தெரியாமற் போயிருக்கும். நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கதைமுறையால் இரண்டு நட்டங்கள் நேர்கின்றன. தோல்விக்குக் காட்டிக்கொடுப்பே காரணமென்று சொல்லிவிட்டால் மற்றக் காரணங்கள் மறைந்துவிடுகின்றன என்பது முதல் நட்டம். மூன்று திசைப் படையெடுப்பும், 1782லேயே முறிக்கப்பட்ட வன்னிமைகளும், பற்றுக்களாகப் பிரிந்து கிடந்த தலைமைகளும், கண்டியில் நடந்த உட்பூசலும் கதையின் திரைக்குப் பின்னால் போய்விடுகின்றன. நாம் தோற்கவில்லை, விற்கப்பட்டோம் என்று சொல்வது மனதுக்கு ஆறுதல் தரும். ஆறுதலிலிருந்து பாடம் கிடைப்பதில்லை.

இரண்டாவது நட்டம் இன்னும் பெரிது. பெயர் கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. ஒருமுறை வெளியே வந்த பெயரை யார் மேலும் ஒட்டலாம். ஒட்டியவனிடம் சான்று கேட்பதில்லை. ஒட்டப்பட்டவனின் விளக்கத்தைக் கேட்பதுமில்லை. இந்த மண்ணிலே நாம் பட்டதெல்லாம் பட்ட பின், அந்தப் பெயரின் பாரம் என்ன என்பதை நான் நேயர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த மாணவன் வேடம் போடவே அஞ்சினான் என்றால், அவன் வீட்டிலே பெரியவர்கள் குரல் தாழ்த்திப் பேசிய ஏதோ ஒன்றை அவன் கேட்டிருக்கிறான் என்றுதான் பொருள்.

இனி, நம் கிளிநொச்சியையே பார்ப்போம். இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்ற ஊர் இது. 1930களில் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்து காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். 1958, 1977 கலவரங்களின் பின் தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழைய வன்னிக் கிராமங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். போரிலே எல்லோரும் ஒரே தறப்பாளின் கீழ் இருந்தோம். ஒரே வரிசையில் நின்று கஞ்சி வாங்கினோம். 2009இன் பின் திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்ட கையோடு, பழைய கேள்விகளும் திரும்பி வந்துவிட்டன. சம்பந்தம் பேசப் போனால், "ஆக்கள் எந்தப் பக்கம்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெடியன் படித்தவன், உத்தியோகத்தில் இருக்கிறான், நல்லவன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்விக்குப் பின் தேத்தண்ணி ஆறிப்போகும், பேச்சும் ஆறிப்போகும். வந்தவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போவார்கள். இதைப் பல வீட்டு விறாந்தைகளில் நான் பார்த்திருக்கிறேன்.

மகட்பாற்காஞ்சி என்று பரீட்சைக்கு நாம் கற்பிக்கும் துறை இதுதான். யானைப்படையும் கோட்டையும் இல்லையே தவிர, அளவுகோல்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வந்தவன் தன்னைத் தன் முயற்சியால் அளக்கிறான். வீட்டுக்காரர் அவனைக் குடியால் அளக்கிறார்கள். மறுக்கப்பட்டவன் எல்லோரும் காக்கை வன்னியனாகிவிடுவதில்லை. பெரும்பாலானவர்கள் அவமானத்தை விழுங்கிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். காட்டிக்கொடுத்தலை அவமானம் நியாயமாக்கிவிடாது; அவமானப்பட்டும் காட்டிக்கொடுக்காதவர்களே அதற்குச் சாட்சி. ஆனால் காக்கை வன்னியனை ஏசுகிற நாம், அவனை உண்டாக்கிய மறுப்பை இன்றும் கைவிடாமல் வைத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நல்ல வரலாற்று நாவலாசிரியர் இந்த இடத்தில்தான் நமக்கு உதவக் கூடியவர். பகையாளியின் வீட்டுக்குள்ளும் நம்மைக் கூட்டிச் சென்று, அவன் தாயும் தங்கையும் அன்றிரவு என்ன பேசினார்கள் என்று கேட்கவைக்க அவரால் முடியும். கல்லிலும் கைநூலிலும் இல்லாததை அவரால் எழுத முடியும். ஆகவே மறுக்கப்பட்டவனின் பக்கத்தையும் எழுதும் பொறுப்பு அவருக்கு உண்டு. அப்படி எழுதுவதால் வீரனின் பெருமை குறையாது. வில்லிபுத்தூரார் கர்ணனை எழுதியதால் அருச்சுனன் சிறுத்துப்போகவில்லை. தேரோட்டி மகன் என்று சபையிலே சொல்லப்பட்ட ஒரு சொல் கர்ணனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பாரதம் நமக்கு எப்போதோ சொல்லிவிட்டது. வன்னியைப் பற்றி எழுதப்போகும் இளம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது அதைத்தான்.

அந்த மாணவனுக்கு நான் கடைசியில் என்ன சொன்னேன் என்று நேயர்கள் கேட்கலாம். இவ்வளவும் சொல்லவில்லை. "உன்னை ஒரு வீட்டில கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணியும் தந்து, நீ எங்களுக்குச் சரிவரமாட்டாய் எண்டு சொன்னா உனக்கு எப்பிடி இருக்கும்? அந்த முகத்தோட முதற் காட்சியில நில். மற்றதெல்லாம் தானா வரும்" என்று மட்டும் சொன்னேன். நாடகத்தில் ஒரு காட்சியையும் கூட்டினோம். பெண் மறுக்கப்பட்ட காக்கை வன்னியன் தனியே வீடு திரும்பும் காட்சி. வசனம் எதுவும் இல்லை.

அவன் நடித்தான். அந்தக் காட்சியில் மண்டபம் அமைதியாக இருந்தது. போட்டியில் எங்களுக்கு முதலிடம் கிடைக்கவில்லை. நாடகம் முடிந்து வேடம் கலைத்தபோது அவனுடைய கூட்டாளி ஒருவன் அவனுக்குச் சோடாப் போத்தலொன்றை நீட்டி, அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.